டிக்கியில் இரண்டு பெட்டிகள்

அயோத்தியாப்பட்டணத்தில் உறவுக்காரக் குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து முடிந்து, ஜெனிட்டா கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆண்ட்ரூஸ் அவளைக் கூப்பிட்டார். அவர் அவளுடைய அக்கா அக்சிலியாவின் கணவர். சேலத்தில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர் நின்றிருந்தார்.

"ஜெனி, இவரு முருகானந்தம். ராசிபுரம் பக்கம் தோட்டம். உன்னோட அதே வண்டிதான் வச்சிருக்காரு, அதே பழசு. பிரேக் பேடு மாத்தணுமாம். கம்பெனியோடதா, வெளிக் கம்பெனியான்னு ஒரு வாரமா என்னைப் போட்டு வறுக்கிறாரு."

"அப்படியில்லீங்க டீச்சரம்மா," என்று முருகானந்தம் சிரித்தார். "விக்கிறவரு நல்லா இல்லைன்னா சொல்லுவாருங்க? அதான் ஓட்டுறவங்களையே கேக்கலாமுன்னு."

"கேளுங்க. காலேஜ்ல பாடம் நடத்துற பொண்ணு. பொய் சொல்ல வராது."

ஆண்ட்ரூஸின் முகத்தில் அவ்வளவு பெருமை. ஜெனிட்டா ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க."

"பிடிக்குதுங்களா?"

"பிடிக்குதுங்க."

அது உண்மைதான். பிரேக் நன்றாகவே பிடித்தது. அந்த உண்மைக்குள் ஒதுங்கிக்கொண்டு அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள் அவள் கார் அக்கா வீட்டு வாசலில் கிறீச்சிட்டு நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்ட ஆண்ட்ரூஸ், மறுநாளே தன் கடையிலிருந்து பேடு செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கார் கம்பெனியின் தயாரிப்பு அல்ல, வெளிக் கம்பெனி. "உடனே மாத்திரு ஜெனி, தள்ளிப் போடாதே," என்றார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கல்லூரிக்குப் போகும் வழியில், புதுச்சத்திரத்தில், ஆண்ட்ரூஸை அறியாத மெக்கானிக் தீர்த்தகிரியிடம் வண்டியை விட்டாள். "டூப்ளிகேட் வேண்டாங்க. கம்பெனியோடதே வாங்கிப் போடுங்க," என்றாள்.

மாலையில் சாவியைக் கொடுக்கும்போது தீர்த்தகிரி, "பழசைப் புது டப்பாவுலயே போட்டு டிக்கியில வச்சிருக்கேன் மேடம். நாளைக்கு மாத்தவே இல்லைன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க," என்றார். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் வழக்கம். அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆண்ட்ரூஸ் கொடுத்த பெட்டியும் அங்கேயே கிடந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அக்கா வந்து போகும் வீட்டில் அதை வைக்கவும் முடியாது.

ஈஸ்டர் அன்று ஆண்ட்ரூஸ் கேட்டார். "சூப்பர் மாமா. உங்க பேடு போட்டதுக்கப்புறம் சத்தமே இல்லை," என்றாள். தேவைக்கு மேல் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைத்தான் அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

புதுநன்மை விருந்திலிருந்து அக்காவையும் ஆண்ட்ரூஸையும் ஏற்றிக்கொண்டு சேலம் திரும்பும் வழியில், ஆத்தூர் ரோட்டில் டயர் பஞ்சர். அவள் வண்டியை ஓரம்கட்டுவதற்குள், பின்சீட்டிலிருந்த ஆண்ட்ரூஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஸ்டெப்னி டிக்கியில் விரிப்புக்கு அடியில். விரிப்பின்மேல் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா, இருங்க, நானே..."

"நீ ஏன்டி புடவையோட?" என்று சொல்லிக்கொண்டே அக்கா எட்டி டிக்கியின் லீவரை இழுத்துவிட்டு, தள்ளியிருந்த மர நிழலுக்குப் போனாள்.

ஜெனிட்டா ஓடிப் போய் நின்றபோது இரண்டு பெட்டிகளும் அவர் கையில் இருந்தன. ஒன்றில் அவர் கடையின் ஸ்டிக்கர், மேலே பிரிக்காத பிளாஸ்டிக் உறை. மற்றதில் கார் கம்பெனியின் முத்திரை. அதன் மூடியைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய தேய்ந்த பேடுகள். உதிரிபாகம் விற்கிறவருக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் தரையில் வைத்தார். ஜாக்கியை எடுத்தார். குந்தி உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

"கேட்டிருக்கலாம்ல ஜெனி," என்றார், சக்கரத்தைப் பார்த்தபடியே. "கிளட்ச்சுன்னா நானே கம்பெனியில வாங்குன்னுதான் சொல்லுவேன். என் கடையில அதை விக்கிறதே இல்லை. பேடு அப்படியில்லை. டூப்ளிகேட் வேற, வெளிக் கம்பெனி வேற."

டூப்ளிகேட் என்ற சொல்லை அவர் எங்கே கேட்டார்? கேட்டிருக்க முடியாது. ஆனாலும் அவளுக்குக் காது சுட்டது. பேடுகளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவள் சந்தேகப்பட்டது பெட்டியை அல்ல. அக்காவுக்கு டாக்டர் மாப்பிள்ளை அமைந்து, அவர் ஒரு மாத்திரை அட்டையை நீட்டியிருந்தால், பெயரைக்கூடப் படிக்காமல் விழுங்கியிருப்பாள். பத்தாவதோடு நிறுத்தியவர், விருந்தில் சத்தமாகப் பேசுகிறவர், நகத்திடுக்கில் எப்போதும் கிரீஸ் உள்ளவர் கொடுத்தது என்பதால் அது தரம் குறைந்துபோயிற்று. இதை அவள் ஒருபோதும் சொற்களாக நினைத்ததில்லை. நினைக்காமலேயே புதுச்சத்திரம் வரை ஓட்டிப் போயிருக்கிறாள்.

தரையில் வைத்திருந்த அவர் போன் அடித்தது. கையெல்லாம் கரி. "ஸ்பீக்கர்ல போடு," என்றார். அவள் எடுத்துப் பிடித்தாள்.

"ஏனுங்க ஆண்ட்ரூஸ், முருகானந்தமுங்க. டீச்சரம்மாளே சொல்லிப்போட்டாங்க, அப்புறமென்னங்க? அதே பேடு ஒரு செட் எடுத்து வையுங்க. நாளைக்கு வாரேன்."

ஸ்பேனர் நின்றது.

"அவசரப்படாதீங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். அவங்க வண்டியில இருக்கிறது கம்பெனியோடதுதான். இப்பத்தான் பார்த்தேன்."

"அட, என்னங்க! அவங்க நல்லா இருக்குன்னாங்களே?"

"எதுன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. மெக்கானிக் போட்டது. நீங்க யோசிச்சு வாங்க."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "வியாபாரிப் புத்தி! கொழுந்தியாளைச் சாட்சிக்கு நிறுத்தி என்ற தலையில கட்டப் பாத்தீங்களே!"

ஆண்ட்ரூஸும் கூடச் சிரித்தார். ஜெனிட்டாவின் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. போன் அவள் கையில்தான் இருந்தது, வாய்க்குப் பக்கத்தில்தான். அவர் தலையசைத்தார். அவள் கட்டைவிரல் இணைப்பைத் துண்டித்தது.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் பழைய பேடு இருந்த பெட்டியை டிக்கியில் வைத்தார். தன் கடைப் பெட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். "பிரிக்கலை. கடையில வச்சுக்கிறேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள்.

"அது என்னங்க மடியில?" என்று முன்சீட்டிலிருந்து அக்கா திரும்பினாள்.

"கடைக்குப் போக வேண்டியது."

ஊருக்குள் நுழைந்ததும் முதல் சிக்னல். ஜெனிட்டா பிரேக்கை அழுத்தினாள். கார் சத்தமில்லாமல் நின்றது.

"முன்னெல்லாம் எப்படிக் கத்தும்," என்றாள் அக்கா. "இப்பப் பாரு. இவரு குடுத்ததாச்சே!"

கண்ணாடியில் ஆண்ட்ரூஸ் தெரிந்தார். பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் அவரே ஏதாவது சொல்லிவிடுவார் என்று ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது.

"இல்லக்கா," என்றாள். "இது மாமா குடுத்தது இல்லை. அதை நான் போடவே இல்லை."

அக்கா மெல்லத் திரும்பிக் கணவரின் மடியைப் பார்த்தாள். பிறகு ஜெனிட்டாவைப் பார்த்தாள். பச்சை விழுந்து, பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. ஜெனிட்டா நேராகப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.