மங்கில் விழுந்த பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம், சித்திரை பிறந்த மறு வெள்ளிக்கிழமை விடியற்காலை, செராயா தோட்டத்துப் புகைக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகளில் ஒன்பது மட்டும் பாடின. மற்றவை சும்மா தொங்கின. பக்கத்து டவுனான ஈப்போவில் அன்றைக்கு அரிசி விலையில் மாற்றம் இல்லை.

பாடின என்றால் ஏதோ முனகல் இல்லை. முதலில் கரிச்சான் குருவி சீட்டியடித்தது, அப்புறம் குக்குறுவான் தட்டத் தொடங்கியது, கடைசியில் இருவாச்சி சிறகை அடித்துக்கொண்டு காட்டைத் தாண்டிப் போகிற ஓசைகூட ஷீட்டுக்குள்ளிருந்து வந்தது. சூரியன் ஏறியதும் நின்றது. புகை போடுகிறவன் கையில் எடுத்த விறகோடு அப்படியே நின்றுவிட்டதில் அடுப்பு அணைந்துபோனது.

ஒன்பதும் இருளாயி வெட்டிய பால். இருபத்திரண்டு வயது, வாய்க்கு அஞ்சாதவள். தோட்டத்தின் கடைசி மர நிரை அவளுடையது. அதைத் தாண்டி ஒரு கால்வாய், கால்வாயைத் தாண்டிக் காடு. ரப்பர் மரத்தில் எந்தக் குருவி வந்து உட்காரும்? தோட்டம் முழுக்க உளி சுரண்டுகிற சத்தமும் கங்காணியின் தொண்டையும்தான். இருளாயிக்கு மட்டும் காடு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மழைத் தண்ணீர் சேராமலிருக்க மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குகளைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். காலையில் ஒவ்வொரு மரமாக மங்கை நிமிர்த்தி, துடைத்து, உடனே பட்டையைக் கீறினால் பால் வந்து விழும். எல்லோரும் அப்படித்தான் வெட்டினார்கள். கையையும் காதையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவது இருளாயிக்குப் பிடிக்காது. அவள் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் கொடுத்த கையோடு ஓடிப்போய் முந்நூறு மங்கையும் முதலிலேயே நிமிர்த்திவிடுவாள். பிறகு நிரையின் தலைமாட்டில் நின்று, காட்டுப் பாட்டை ஒரு சொட்டு விடாமல் கேட்பாள். அது முடிந்த பிறகுதான் உளியை எடுப்பாள், எடுத்தால் பேய் மாதிரி வெட்டுவாள். வெறும் மங்குகளில் முதலில் பாட்டு விழுந்தது, அதன் மேல் பால் விழுந்தது. எல்லோருக்கும் பிந்தி வருவதால் அவள் பால் தனித் தொட்டியில் உறைந்தது. நடந்தது இவ்வளவுதான்.

ஷீட்டுகளை வாங்கிய ஈப்போ தவுக்கே, அந்தச் சீன முதலாளி, மூன்றாம் நாளே திருப்பி அனுப்பினான். அவை பாடினால் அவன் கிடங்குக் கூலிகள் தலையில் மூட்டையோடு அசையாமல் நின்றுவிடுகிறார்களாம். துரை விசாரித்தான், கங்காணி பத்துமலை மோப்பம் பிடித்துச் சொன்னார். இருளாயிக்கு ஒரு வாரம் அரைப்பேர் விழுந்தது, பாதிக் கூலிதான். அதோடு விட்டிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். திங்கட்கிழமை இருபது கோடரிக்காரர்கள் வந்து கால்வாய்க்கு அப்பால் காட்டையே வெட்டுவார்கள் என்றான் துரை. காடு இல்லாவிட்டால் குருவி இல்லை, குருவி இல்லாவிட்டால் தொல்லை இல்லை. படித்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

"ஏண்டி, புருஷன் செத்தப்பகூட நீ இப்படிக் குதிக்கலையே," என்றாள் பக்கத்து நிரை மங்களம்.

"அவன் ஒருநாளாச்சும் பாடுனானா? எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நேரந்தான்க்கா. மிச்சமெல்லாம் தொரைக்கு. நாளைக்கு ஒருநாள் எல்லாரும் மங்கை நிமித்திப்புட்டு நில்லுங்க. நல்லா இல்லைன்னா என்னைச் செருப்பால அடிங்க லா."

நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அறுபது பேர், பதினெட்டாயிரம் மங்குகள், ஒரு உளிகூட அசையவில்லை. சுரண்டல் ஓய்ந்ததில் காட்டின் ஓசை எல்லா நிரைக்கும் எட்டியது. முதல் கரிச்சான் வாயைத் திறந்ததும் மங்களம் முக்காட்டைக் காதிலிருந்து தள்ளிவிட்டாள். பத்து வருஷமாக இதே இருட்டில் நடந்தவர்கள், இது இங்கேயா இருந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குக்குறுவான்கள் நாலு பக்கமும் தட்டின, கொண்டைக்குருவிகள் கும்பலாகக் கொட்டின, இருவாச்சி தலைக்கு மேலேயே போனது. எதிர் நிரைக் கருப்பம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பத்துமலை பிரம்பை ஆட்டிக்கொண்டு நிரை நிரையாக ஓடினார். அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மங்குகள் ததும்பின. அன்றைக்குப் பால் எடுத்துக் கழுவின மங்குகளில்கூட அந்தப் பாட்டு போகவில்லை.

திங்கட்கிழமை முதல் கோடரி மரத்தில் விழுந்ததும் பதினெட்டாயிரம் மங்கும் ஒரே குரலில் பாடின. காட்டிலிருந்து குருவிகள் பதில் பாடின. ஓங்கிய கோடரிகள் ஓங்கியபடியே நின்றன. உச்சி வெயிலிலும் அப்படித்தான்; கோடரி உயர்ந்தால் பாட்டு, கீழே வைத்தால் அமைதி. நாலு நாள் பார்த்துவிட்டு இருபது பேரும் போனார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு மங்கு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு எவரும் பாட்டு முடியாமல் உளியைத் தொடவில்லை. அறுபது பேருக்கும் தினம் அரைப்பேர் போட்டால் சீமையிலிருந்து கேள்வி வரும் என்று துரை பயந்தான். வெள்ளைக்காரனின் செக்ரோல் பேரேட்டில் மழையால் வேலை பிந்தினால் எழுத ஒரு கட்டம் உண்டு, பாட்டுக்குக் கிடையாது. ஆகவே கணக்கெழுதுகிற கிராணி ராமையா 'விடியலில் மழை' என்று எழுதினார். கிணறுகள் வற்றிய அந்த வருஷத்தில் மட்டும் அப்படி இருநூற்றுப் பதினோரு நாள் மழை பெய்திருக்கிறது. சீமையில் யாரும் சந்தேகப்படவில்லை. தவுக்கேயும் பழகிக்கொண்டான். ஈப்போவில் சிலிபின் பக்கம் சில சைக்கிள்களின் டயர்கள் விடிகாலையில் பாடிக்கொண்டு போகும், ஜனங்கள் அதைக் கேட்டு எழுந்து அடுப்பு மூட்டுவார்கள்.

இருபத்தொன்பதாம் வருஷம் ஒருநாள், இன்னும் இருட்டு விலகாத நேரம், பத்துமலை பிரம்பை அக்குளில் செருகிக்கொண்டு கடைசி நிரைக்கு வந்து நின்றார்.

"மழை எப்படிங்க கங்காணியாரே?" என்றாள் இருளாயி.

"கொட்டுது," என்றார் அவர். "பேசாம நில்லு."