வெள்ளைக் கோடு

கிளினிக் வாசலில் வரிசை நகரவே இல்லை. புது கான்ட்ராக்டர் வந்தால் பழைய கேட் பாஸ் செல்லாது. சுரங்கத்தில் கரி ஏற்றிப் போகும் பெல்ட்டில் வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் மறுபடி மெடிக்கலில் தேற வேண்டும். வேப்பமர நிழல் நகர நகர, ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தவர்களும் நகர்ந்தார்கள்.

சந்தியாகு மட்டும் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். பள்ளிக்கூடம் போகாமல் கூட வந்திருந்த மகள் வினோலியா, தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னாண்ணே, ஊசிய பாத்தா ஓடிருவேன்னு பொண்ண காவலுக்கு கூட்டியாந்தியா?" என்றான் இளவழகன். அதே பெல்ட், அதே ஷிஃப்ட்.

"பஸ்ஸ வுட்டு எறங்கவே முடியலடா. கண்ண இப்படித் திருப்புனா மண்டைக்குள்ள சுரீர்னு கரண்டு அடிக்குது. தூங்குனா கண்டமேனிக்கு கனா. போன மழைக்கு வந்தது மறுபடி வந்துருச்சோ என்னவோ."

வினோலியா பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள். குடிக்காமலே மூடினாள்.

போன மழைக்காலத்தில் அவர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கையை வைக்காமல் அழுதுகொண்டிருப்பார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஷிஃப்டுக்குக் கிளம்பி, முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து படுத்துக்கொள்வார். கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல ஆள் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டார். அம்மா ஜெயசெல்வி குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலை முடித்து வர நேரமாகும் என்பதால், மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பது வினோலியாவின் பொறுப்பு. "நல்லாயிட்டாருன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

மெடிக்கல் என்றதும் குடிக்கிறவர்கள் ஒரு வாரம் குடிக்க மாட்டார்கள். சர்க்கரைக்காரர்கள் பாகற்காய்ச் சாறு குடிப்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். இளவழகன் அவர்கள் வீட்டுக்கே வந்து சொன்னான். "அந்த மென்டல் மாத்திரை ரத்தத்துல காட்டிக் குடுத்துரும்ணே. பேர அடிச்சிருவானுங்க."

"வேணாம்டா. திரும்ப அந்தக் குழிக்குள்ள என்னால போவ முடியாது" என்றார் சந்தியாகு.

அவர் மறுத்தார். வினோலியாவால் அந்தப் பேச்சைத் தள்ள முடியவில்லை. பாஸ் போனால் முதலில் நிற்பது தன் படிப்புதான் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் கொடுத்தது அம்மாவின் சுண்ணாம்புச்சத்து மாத்திரையில் பாதி. மகள் நீட்டுவதைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். மெடிக்கல் முடிந்த அன்றே பழையபடி கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"சந்தியாகு!"

அவள் கதவருகில் நின்று பார்த்தாள். கம்பவுண்டர் எடை பார்த்தார், கண் பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். பிறகு தரையில் பெயின்ட்டால் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

"ஒரு காலோட வெரல ஒட்டி இன்னொரு குதிகால வச்சு நடங்க. பெல்ட்டுக்கு மேல ஏறி நிக்கிற ஆளு, தலை சுத்தக் கூடாது."

நாலாவது அடியில் சந்தியாகு சாய்ந்தார். மேஜையைப் பிடிக்கப் போய் ஸ்டூல் உருண்டது.

"காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டாருடோய்!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஒரு சொட்டுக்கூட குடிக்காத சந்தியாகு தானும் சிரிக்கப் பார்த்தார்.

"இன்னொரு தபா நடக்குறேன் சார்."

இரண்டாம் தடவை கோட்டின் பாதியைக்கூட தாண்டவில்லை.

"சார், ரத்தம் எடுக்கலியா?" என்று கேட்டாள் வினோலியா.

"எதுக்கு?"

"மாத்திரை எதுனா சாப்புட்டா தெரியறதுக்கு..."

"நாங்க இன்னா கிரிக்கெட் டீமுக்கா ஆள் எடுக்குறோம்? எடை, கண்ணு, பிரஷரு, கோடு. அவ்ளோதான் பாப்பா."

சூப்பர்வைசர் சக்கரபாணி, சந்தியாகு கழுத்தில் தொங்கிய கயிற்றிலிருந்து பழைய பாஸை உருவிக்கொண்டார். "மேல ஏறி வுழுந்தீங்கன்னா யாரு பதில் சொல்றது? அடுத்த கான்ட்ராக்ட் வரட்டும், பாப்போம்." அதற்குள் இளவழகன் கோட்டில் பூனை மாதிரி நடந்து முடித்திருந்தான். சந்தியாகு முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். டவுன்ஷிப் ரோட்டில் கொன்றை நிழல் மரத்தடியிலேயே சுருங்கிக் கிடந்தது.

"அப்பா, ஒனக்கு அது திரும்ப வரலப்பா."

"பின்ன?"

"நான்தான். மாத்திரைய மாத்திட்டேன். அம்மாவோட சத்து மாத்திரையத்தான் ஒனக்கு குடுத்தேன். அத சட்டுனு நிறுத்துனதுலதான் ஒனக்கு தலை சுத்துது. பாஸ் போயிருமேன்னு பயந்துட்டேன்பா."

அவர் நின்றுவிட்டார். அடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப, நான் கெட்டுப் போவலியா?" என்று கேட்டார். முகத்தில் வந்தது நிம்மதிதான். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"இந்த வாரம் பூரா பெல்ட்டு ஓடுறத பாத்துக்கினு நிக்கையில, இன்னா நெனச்சேன் தெரியுமா..." என்று ஆரம்பித்தவர், மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் அழத் தொடங்கியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கே கடலூர் போவோம். டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லிரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ரோட்டோரம் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு நேராக ஓடியது. சந்தியாகு அதையே பார்த்தார். செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கோட்டின்மேல் ஒரு காலை வைத்து, அதன் விரலை ஒட்டி மறு குதிகாலை வைத்தார். உடம்பு ஆடியது. அவள் ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

"புடிக்காத. வுழுந்தா மட்டும் புடி."

செகண்ட் ஷிஃப்டுக்கு பெர்மனென்ட் ஆட்களை ஏற்றிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் மண்ணில் இறங்கி நின்று வழிவிட்டார். பஸ் போனதும், பாஸ் இல்லாத கயிறு கழுத்தில் ஆட, மறுபடி கோட்டில் காலை வைத்தார்.