மூத்தார் எழுதிய நாவல்

மீரட்டில் தானிய வியாபாரம் செய்த சரூப் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் பார்பதி. இளையவள் சுக்தேயி. தன் பெண் துல்சாவுக்குக் காய்ந்த ரொட்டியும் பார்பதியின் பிள்ளைகளுக்கு நெய் தடவிய ரொட்டியும் விழுவதைப் பார்த்து, தனி அடுப்பு கேட்டவள் அவள். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் அவளைப் பிடிக்காது.

பார்பதியின் கணவர் பிஷன் சரூப் இந்தியில் நாவல் எழுதினார். நாவல் என்பதே ஊருக்குப் புதிது. பெண்கல்வியைப் புகழும் கதைகளுக்கு வெள்ளைக்கார அரசாங்கம் பரிசு தருகிறது என்று கேள்விப்பட்டு எழுதியது. அச்சாகி வந்ததும் வாத்தியார்களை முற்றத்துக்கு அழைத்து, தாமே வாசித்தார். மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெண்கள்.

கதையிலும் இரண்டு மருமகள்கள். படித்த மூத்தவள் தெருப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். இளையவள் வாயாடி, ரொட்டிக்குச் சண்டை போட்டுத் தனி அடுப்பு கேட்கிறாள். சுக்தேயி சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன. வாத்தியார்கள் சிரித்தார்கள்.

"கேட்டியாடி, உன்னத்தான் அச்சுல ஏத்திருக்காரு" என்றாள் பார்பதி. அவளுக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

புருஷனுக்கு அண்ணனான மூத்தார் எதிரில் இளைய மருமகள் வாய் திறக்கக் கூடாது. சுக்தேயி திறந்தாள்.

"பொண்ணுங்க படிக்கணும்னு எழுதியிருக்கீங்க. துல்சாவக் கூட்டிட்டுப் போக பள்ளிக்கூடத்து ஆயா வந்தப்ப வாசல்லயே விரட்டினது யாரு?"

பிஷன் சரூப் தட்டிப் பக்கம் திரும்பவில்லை. தம்பியிடம், "உன் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு" என்றார்.

"உள்ளதான் இருக்கேன். இன்னும் எவ்வளவு உள்ள போகணும்?"

ஒரு வாத்தியார், அவள் சொல்வது உண்மையா என்று மெதுவாகக் கேட்டார். புத்தகம் வேறு, வீடு வேறு என்றார் பிஷன் சரூப். வந்தவர்கள் இனிப்பைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அன்று மாலை புருஷன் அவளை அடித்தான். மறுநாள் காலை, வீங்கிய முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டு, துல்சாவின் கையைப் பிடித்துத் தானியச் சந்தை வழியாகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கடையிலிருந்து மூத்தார் பார்த்தார். இவளோடு ஒரே கூரையா என்று அந்த வாரமே வீட்டைப் பிரித்துச் சுவர் எழுப்பினார். தனி அடுப்பு அப்படித்தான் கிடைத்தது.

நாவலுக்குப் பரிசும் வந்தது. இரண்டாம் பதிப்பில் இளைய மருமகளை அவர் காலராவில் சாகடித்திருந்தார். அதற்குள் படிக்கக் கற்றிருந்த துல்சாதான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"சாகும்போது அவளுக்குத் தண்ணி குடுக்க ஆள் இருந்துச்சா?"

"யாருமில்லம்மா."

"அவரு மனசுல உள்ளத எழுதிட்டாரு."

அந்தத் தீபாவளிக்கு மூத்தார் காலில் விழுந்து கும்பிட துல்சாவை அவள் அனுப்பவில்லை.