மணலுக்கடியில் ஒரு மான்

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் மணலை அள்ளத் தொடங்குவோம். அக்டோபர் கடைசியில், சின்னக் கற்களால் சித்திரம் பதித்த பழைய மொசைக் தளத்தின் மேல் துணி விரித்து, அதன் மேல் ஒரு முழ உயரத்துக்கு ஆற்று மணலைக் கொட்டி மூடியிருப்போம். உறைபனி கற்களைப் பெயர்த்துவிடாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். ஆறு மாதம் தளம் இருட்டில் கிடக்கும். அந்த ஆறு மாதமும் அது காவலாளி நவூம் அண்ணனின் பொறுப்பில் இருக்கும்.

அந்த வருடம் வடக்கு மூலையில் மண்வாரி சுலபமாக இறங்கியது. மற்ற இடங்களில் மணல் குளிர்காலம் முழுக்க அமர்ந்து இறுகி, வெட்டி எடுக்கும்படி இருந்தது. இங்கே மட்டும் சலித்த மாவு போலப் பொலபொலவென்று இருந்தது.

"இங்க யாரு தோண்டினது?" என்றேன்.

"நரி," என்றார் நவூம் அண்ணன். "ஜனவரில. நான்தான் மூடினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நரி தோண்டினதுக்கெல்லாம் உங்கிட்ட மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் குனிந்து அந்த மணலை ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே விட்டுப் பார்த்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர் கிராதிஷ்தேயின் சிறிய அருங்காட்சியகத்தில் என் வேலை வரைவது. இடிந்த பழைய தேவாலயத்தின் தரையில் பதினான்கு சித்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒளிபுகும் நைலான் தாளை விரித்து, ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் அதே அளவில் நான்தான் வரைந்திருக்கிறேன். பதினைந்து வருட உழைப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் மணலை எடுத்துத் தளத்தைக் கழுவியதும், அந்தத் தாள்களை மறுபடி கற்களின் மேல் விரித்துச் சரிபார்ப்பேன். எந்தக் கல் நகர்ந்தது, எது உதிர்ந்தது என்று தாள் சொல்லிவிடும்.

வடக்கு மூலையில் இருப்பது தண்ணீர் குடிக்கும் மான். அதன் தாள் மட்டும் மற்றவற்றோடு அலமாரியில் சுருண்டு கிடக்காது. அது என் அறைச் சுவரில் தொங்கியது. எனக்கு அந்த மானைப் பிடிக்கும். குடிக்கும்போதும் அது ஒரு காதைப் பின்னால் திருப்பி வைத்திருக்கும்.

தாளைச் சுவரிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் விரித்தேன். எப்போதும்போல் கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். கறுப்புக் கல் ஒன்று, வெள்ளை இரண்டு, கச்சிதமாகப் பொருந்தின. கழுத்துக்கு வந்தபோது கோடுகள் கற்களின் விளிம்பிலிருந்து லேசாக விலகின. தாள் மடங்கியிருக்கும் என்று நீவிவிட்டேன். வயிற்றில் இன்னும் விலகல். பின்னங்கால் குளம்பில் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம்.

குளம்பின் கற்களை எண்ணினேன். தாளில் நாற்பத்தொன்று. தரையிலும் நாற்பத்தொன்று. நிறமும் அதே வரிசை. ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கல் உதிர்ந்தால் குறையும். குறையாமல் எல்லாமே இடம் மாறியிருக்கிறது என்றால், யாரோ எண்ணிப் பார்த்து, நிறம் பார்த்து, அப்படியே இன்னொன்று செய்து வைத்திருக்கிறார்கள். மணலுக்கடியிலிருந்து மான் போய்விட்டது. எதிரில் இருப்பது வேறு மான்.

அதன் பிறகு எனக்குள் நடந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் யாரையும் சந்தேகப்பட முடிவு செய்யவில்லை. முன்பே எங்கோ கிடந்த சின்னச் சின்ன விஷயங்கள் தாமாக எழுந்து வந்து வரிசையில் நின்றன. பொலபொலத்த மணல். கிறிஸ்துமஸுக்கு வியன்னாவிலிருந்து நவூம் அண்ணனின் மருமகன் வந்தபோது ஓட்டிவந்த வெள்ளை வேன், அது அருங்காட்சியகத்தின் பின்பக்கம் இரண்டு நாள் நின்றது. வாலிப வயதில் உழுத நிலத்தில் கிடைத்த பழைய நாணயங்களை விற்றவர் அண்ணன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பதினொரு வருடமாகத் தினமும் காலையில் எனக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து தருவார். அதுகூட வரிசையில் வந்து நின்றது. ஒரு காவலாளி எதற்கு வரைகிறவளிடம் இவ்வளவு அன்பாக இருக்க வேண்டும்?

இயக்குநர் லாசரிடம் சொன்னேன். அவர் மான் பக்கம் போகவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"உறுதியா?"

"தாள் பொய் சொல்லாது சார்."

மறுநாள் போலீஸ் வந்தது. தேவாலயத்துக்கு எதிரே, கடை திறந்திருக்கும் நேரத்தில், நவூம் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று லாசர் கடிதம் கொடுத்தார். சாவியை ஒப்படைக்க வந்தபோது நான் அறையில் இருந்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குற்றமில்லாதவன் கத்துவானே, சண்டை போடுவானே என்று நினைத்தேன். கத்தியிருந்தால், நடிக்கிறார் என்று நினைத்திருப்பேன்.

தலைநகரிலிருந்து நிபுணர் குழு மே மாதம் வரும் என்று தகவல் வந்தது. அதற்குள் இப்போது தரையில் இருக்கும் மானைப் புதிதாகப் படியெடுத்து வைக்கச் சொன்னார்கள். ஆறு நாள் முழங்காலில் இருந்து வரைந்தேன். போலி மான் என்று நம்பிக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் நனைத்தேன். நனைந்ததும் கல் பழையபடி சிவந்தது. போலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று வியந்தேன்.

ஏழாம் நாள் காலை, கண்ணாடி மேசையில் புதிய தாளை விரித்து, பழைய தாளை அதன் மேல் வைத்தேன். கண் மேல் கண். விலகலை அளந்து எழுதத் தொடங்கினேன். கழுத்தில் நான்கு மில்லிமீட்டர். வயிற்றில் ஒன்பது. குளம்பில் பதினாறு. கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறேனோ அந்தக் கணக்குக்குச் சரியாக விலகியது. காதுப் பக்கமும் அப்படியே. தண்ணீர்ப் பக்கமும் அப்படியே.

பேனாவைக் கீழே வைத்தேன். மனிதக் கை இப்படித் தவறு செய்யாது. ஒரு இடத்தில் நெருக்கும், ஒரு இடத்தில் தளர்த்தும், ஒரு கல்லைச் சாய்க்கும். இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யக் கையால் முடியாது.

பழைய தாளின் ஓரத்தில், பதினைந்து வருடத்துக்கு முன் நானே போட்ட பத்து சென்டிமீட்டர் அளவுக்கோடு இருந்தது. அதன் மேல் எஃகு ஸ்கேலை வைத்தேன். ஒன்பது புள்ளி எட்டு.

என் அறைச் சுவரில் அந்தத் தாள் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே ஹீட்டர் இருக்கிறது. எதிரே ஜன்னல், வெயில். போன வசந்தத்தில் சரிபார்த்த பிறகுதான் அங்கே மாட்டினேன்; ஒரு கோடை, ஒரு குளிர்காலம். மற்றத் தாள்களில் நான்கு மூலையிலும் ஒரு சிலுவைக் குறி இருக்கும், தரையில் அடித்த ஆணிகளோடு பொருத்திப் பார்க்க. தாள் சுருங்கினால் முதல் நிமிடமே அது காட்டிக்கொடுத்துவிடும். மான் தாளில் அந்த ஓரங்களை நான்தான் கத்தரித்தேன். சுவரில் அழகாக இருக்க வேண்டும் என்று.

லாசரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"அப்படியே இருக்கட்டும். குழு வரும், தரையத் தட்டிப் பாக்கும், பழைய சுண்ணாம்புதான்னு சொல்லும். நவூம் வேலைக்கு வந்துருவான். நீ எதுக்கு நடுவுல? ஒரு தாள் தப்புன்னு நீயே சொன்னா, மீதிப் பதிமூணையும் எவன் நம்புவான்?"

"குழு என் தாளை வெச்சுத்தானே சார் பாக்கும்? தாள் மானைப் போலின்னுல்ல சொல்லுது?"

"அப்ப அந்தத் தாள் தொலைஞ்சு போச்சுன்னு வெச்சுக்குவோம்," என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு உதவுவதாகவே நினைத்தார். அவர் சொன்ன அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று இளைப்பாறியது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெளியே வந்து முற்றத்தில் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு நவூம் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் மனைவி வெசெலிங்கா வீட்டுக்குப் பின்னால் புகையிலை நாற்றுப் பாத்தியின் மேல் நைலானை இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. உட்காரச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வாசலுக்கு வந்த வரி வசூல்காரனுக்குக்கூட ஒரு ஸ்பூன் செர்ரிப் பாகும் தண்ணீரும் கொடுப்பார்கள்.

"இன்னும் எதை எடுத்துட்டுப் போக வந்திருக்கே? மனுசன் மானத்தை எடுத்தாச்சு. கோழி நாலு இருக்கு, வேணுமா?"

நவூம் அண்ணன் கொட்டகையிலிருந்து வந்தார். தாளை விரித்து, ஸ்கேலை வைத்து, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வெசெலிங்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை.

"வெயில்ல கெடந்தா நைலான் சுருங்கும்னு இந்த ஊர்ல கழுதைக்குக்கூடத் தெரியும்டீ! இதோ பாரு, போன வருசம் பாத்தி முழுக்க மூடுச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஒரு சாண் எட்டல. நீ பெல்கிரேடு போய்ப் படிச்சவ!"

"எனக்குத் தோணல அக்கா."

"தோணாது. இவர் திருடன்னு மட்டும் தோணும்."

நவூம் அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கோடு சுருங்கினது உன் கண்ணுல படாம இருந்திருந்தா, நான் எடுக்கலன்னு நீ நம்பியிருப்பியா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "இல்லண்ணே," என்றேன்.

அவர் தலையசைத்தார். "நீ எழுதிக் குடுக்கறதெல்லாம் எனக்கு வேண்டாம். என்னைய ஜீப்ல ஏத்தினத ஊரே பாத்துச்சு. நீ சொல்றதையும் ஊரே கேக்கட்டும். புனித ஜார்ஜ் திருநாள் அன்னிக்கு, சர்ச் முற்றத்துல."

திருநாள் வந்தது. முற்றத்தில் ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நீண்ட மேசைகள், வெள்ளைப் பாலாடைக்கட்டி, பச்சை வெங்காயம், ராக்கியா சாராயம். நான் ஒரு பெஞ்சின் அருகே நின்று சொன்னேன். மான் பழைய மான்தான், தாள் சுருங்கிவிட்டது, தவறு என்னுடையது, நவூம் அண்ணன் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. அடுப்பில் கொழுப்பு சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "நைலான் சுருங்கும். சரி. அது உனக்குத் தெரியாது?"

"தெரியல."

"பதினஞ்சு வருசமா நைலான்லயே வரையிறே. தெரியாது."

"யோசிக்கல."

"ஏப்பா, கேட்டுக்குங்கப்பா," என்றார் அவர் மேசையைப் பார்த்து. "டாக்டருக்குக் காய்ச்சல்னா என்னன்னு தெரியாதாம்."

சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண், "எவ்வளவு குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "இவளும் அந்த வேன்ல ஏறிட்டுப் போயிட்டு வந்திருப்பா," என்றாள். "லாசர் சொல்லிக் குடுத்த பாட்டு," என்றார் ஒருவர். மானை விற்றது நவூம் அண்ணன், லாசர், நான் மூவரும் சேர்ந்துதான் என்று பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. நைலான் சுருங்கும் என்பதை அங்கே எல்லோரும் நம்பினார்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

நான் நவூம் அண்ணனைத் தேடினேன். மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழு வந்தது, தட்டியது, பழைய சுண்ணாம்பு என்று எழுதியது. என் பழைய தாளையும், அது சுருங்கியதை ஒப்புக்கொண்டு நான் எழுதிய கடிதத்தையும் கோப்பில் சேர்த்தது. பதினான்கு சித்திரங்களையும் மறுபடி அளக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நவூம் அண்ணன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை நான் வாளியும் ஸ்பாஞ்சும் எடுத்துக்கொண்டு மானின் பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் தன் அறையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தளத்தின் ஓரத்தில், என் கைகள் தெரியும்படி போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வாசல்ல வேலை இருக்குமேண்ணே," என்றேன்.

"என் வேலை காவல்," என்றார். கோபம் இல்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

தரைக்கு இருப்பதுபோல எனக்குள் இருப்பதற்கும் ஒரு படி எடுக்க முடிந்தால் அவர் முன் விரித்திருப்பேன். அதையும் அவர் ஸ்கேல் வைத்துத்தான் பார்த்திருப்பார். நான் ஸ்பாஞ்சைப் பிழிந்து முதல் வரிசைக் கற்களை நனைத்தேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.