கசுமாலம் என்றதன் பொருள்

கீழ்வானில் கதிரவன் செங்காந்தளென மலர, எண்ணூர்ப் புகைபோக்கிகள் அவன் முகத்தில் கரி பூச, இராயபுரத்துத் துறையில் கப்பல்கள் கன்றைப் பிரிந்த கறவைகளெனக் கதற, காசிமேட்டில் இறங்கிய மீன்கூடைகள் பெண்டிர் தலையேறித் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே ஊர்ந்துகொண்டிருந்த காலைப்பொழுது அது. நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் திருப்பெயர் பூண்டு ஓராண்டு கழிந்திருந்தது. தெருநாய்கள்கூடத் தூயதமிழில் குரைக்கப் பயின்றன என்று சொல்லத்தக்க அந்நாளில், சுங்கச்சாவடி என்று எத்தனை பலகை எழுதினும் டோல்கேட் என்றே மக்கள் வழங்கிய முச்சந்தியில், மரநிழலில் மங்கை மீன் பரப்பி அமர்ந்திருந்தாள். கடலில் வலைக்கயிறு அறுத்துக் கையிழந்த கணவனுக்கும் மூன்று மக்களுக்கும் சோறு அளந்தது, கோணிப்பை அகலமே உள்ள அவ்விடந்தான்.

தெருக்கடைகளைக் கண்காணிக்கும் அலுவலன் ஞானதுரை அங்கே வந்து, பெரிய வஞ்சிர மீனொன்றை விலையின்றிக் கேட்டான். அவள் மறுத்தாள். அவன் காலால் உதைத்த உதையில் கூடை கவிழ்ந்து, வெள்ளி வார்த்தாற்போன்ற மீன்களெல்லாம் சாக்கடையில் விழுந்தன.

"கஸ்மாலம்!" என்றாள் மங்கை.

அவ்வொலியில் மூலக்கொத்தளத்து இடுகாட்டில் துயில்வோர் புரண்டு படுத்தனர் என்றும், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன என்றும் சொன்னால், அறிவுடையீர், அது குறைத்துச் சொன்னதேயாகும்.

"இன்னா சொன்னே? அல்லார் முன்னாலயும் வார்த்தைய வாபஸ் வாங்கு. இல்லாங்காட்டி நாளைக்கு இந்த எடத்துல வேற பொம்பள குந்தும்!" என்று ஞானதுரை கொதித்தான்.

கூட்டம் கூடிற்று. எதிரே மலையாளக் கரையினனான பஷீரின் கடையில் தேநீர் பருகிக்கொண்டிருந்த பள்ளித் தமிழாசிரியர் ஆறுமுகநயினாரை, அச்சொல் வசைதானா என்று உரைக்க அழைத்து வந்தனர். வடவெழுத்தைக் கண்டால் தேளைக் கண்டாற்போல் துள்ளும் அப்புலவர், இரக்கத்திலும் குறைந்தவரல்லர். அவள் பிழைப்பைக் காக்கவே எண்ணி முன்வந்தார்.

"முதற்கண் அது கஸ்மாலம் அன்று, கசுமாலம் என எழுதுக. அந்த ஸகரம் நமக்கு வேண்டா."

"அந்த எழுத்த எடுத்துட்டா நாத்தம் பூடுமா, வாத்தியாரே?" என்றாள் மங்கை. கூட்டம் சிரித்தது.

"எங்க ஊர் நாடகத்துலே, பொண்ணைத் தூக்கிட்டுப் போற துஷ்டனைக் கஷ்மலன்னுதான் விளிப்பாங்க" என்றான் பஷீர்.

"தெலுங்குல கஷ்மலம்னா குப்ப, அழுக்கு" என்றான் ஆந்திரத்திலிருந்து கருவாடு வாங்க வந்த ஒருவன்.

ஞானதுரையின் முகம் சுட்ட செங்கலாயிற்று. புலவர் விரைந்து கையுயர்த்தினார். "பொறுங்கள்! அச்சொல் பிறந்த வடமொழியில் மனமயக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. மாவீரர்க்கும் நேர்வது அது. இவ்வம்மை தங்களை வைதாளல்லள். வெயிலில் தங்கள் மனம் சோர்ந்ததென்று இரங்கினாள்."

"மாவீரனா?" என்று ஞானதுரை சட்டைக் கழுத்தை நீவிக்கொண்டான். "சரி, அப்டித்தான் சொன்னேன்னு ஒத்துக்கோ. நீயே குந்திக்கோ."

"ஆமான்னு சொல்லிடு, மங்க. புள்ளைங்க கீது" என்று பக்கத்தில் இறால் விற்ற அங்கம்மா முழங்கையால் இடித்தாள்.

ஒரே சொல். நாவின் நுனிவரை அது வந்தது. அப்போது சாக்கடையில் கிடந்த மீன்களை அவள் நோக்கினாள். உலையில் வைத்த நீர்போல் சினம் பொங்கி எழுந்து, அச்சத்தை மூடியைப்போல் தூக்கி எறிந்தது.

"வாத்தியாரே, நீ நல்ல மனுசன். எனக்கோசரம் வளைச்சுப் பேசுனே. ஆனா சோத்த எட்டி ஒதச்ச காலுக்கு மயக்கம்னு பேரு வச்சிட்டா, நாளைக்கு நெஞ்சு எரியும்போது இன்னா சொல்லி நான் கத்துவேன்?" என்றவள், ஞானதுரையின் பக்கம் திரும்பினாள். "யோவ், நல்லாக் கேட்டுக்கோ. தெலுங்குல சொன்னாரே, அதுதான் நீ. பாய் சொன்னாரே, அதுவுந்தான் நீ. வாத்தியார் சொன்னது மட்டும் நீ இல்ல!"

மறுநாள் அவ்விடம் வேறொருத்திக்குப் போயிற்று. மங்கை தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து கூவித் திரிந்தாள். உச்சிப்பொழுதிற்குள் தொண்டை கட்டி, பாதி மீன் வாடிப்போகும். சொற்களின் அழுக்கைக் களையப் புலவர் மன்றங்கள் கூடி மாலைகள் சூடிய அந்நாளில், மக்கள்மேல் வீசப்பட்ட அழுக்கைக் களைய ஒருவரும் கூடினாரில்லை. அதனை அதன் பெயரால் அழைக்கும் உரிமை ஒன்றே அவளுக்கு எஞ்சியிருந்தது. தன் நிழலையும் இருக்கையையும் விலையாகக் கொடுத்து, அவ்வுரிமையை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள்.