எக்ஸ்ரே கவரில் ஒரு பொட்டு

செல்வகுமாரி எம்.எஸ்சி. படித்ததெல்லாம் பஸ்ஸிலும் அடுப்படியிலும்தான். பாகூர் கொம்யூனின் ஒரு மூலையில் டாக்டர் அரிகரன் நடத்தும் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பத்து வருஷத்துக்கும் மேலாக அதே அறை, அதே கனத்த ஈய ஏப்ரன், "மூச்ச புடிங்க, ஆடாதீங்க, வுடுங்க" என்கிற அதே பாட்டு. ஆயிரக்கணக்கான எலும்புகளைப் பார்த்தவள். ஆனால் ஒன்றைப் பற்றியும் வாய் திறக்க அவளுக்கு அனுமதி கிடையாது. படம் எடுப்பவள் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அந்த ஆஸ்பத்திரியின் சட்டம் அது.

ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறாள். கரும்பு லோடு வண்டியில் அடிபட்ட ஒருவரின் மகனிடம் "எலும்பு விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். டாக்டர் அன்றைக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "நீ படம் எடு. பாக்கறதுக்கு நான் இருக்கேன்."

அந்தச் சொல் உறுத்தித்தான் தொலைதூரக் கல்வியில் மெடிக்கல் இமேஜிங் முதுகலையில் சேர்ந்தாள். எங்கோ வடக்கே ஒரு பல்கலைக்கழகம். ஞாயிறுதோறும் செல்போனில் வகுப்பு. திருபுவனையில் கம்பெனி வேலை பார்க்கும் அவள் புருஷன் குமரவேலுக்கு இது பெரிய வேடிக்கை. "மெஷின் அமுக்கறதுக்கு இன்னாத்துக்குடி எம்.எஸ்சி.?" என்பான். கேலி பண்ணினாலும் ஞாயிற்றுக்கிழமை சோறு வடிப்பது அவன்தான். அதனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருஷம் பேராசிரியை அம்மாள் சிவப்புப் புள்ளி பற்றிப் பாடம் எடுத்தார். வெளிநாட்டில் சில ஆஸ்பத்திரிகளில், படம் எடுக்கிற டெக்னீசியனுக்குச் சந்தேகம் தட்டினால் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிடுவாராம். இன்ன வியாதி என்று சொல்லவேண்டியதில்லை. 'ஐயா, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள்' என்று டாக்டருக்கு ஒரு சாடை, அவ்வளவே. செல்வகுமாரிக்குச் சிலிர்த்துவிட்டது. வாய் திறக்காமலே பேச ஒரு வழி இருக்கிறதே! கடைசி வருஷ ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டாள். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் சிவப்புப் புள்ளி ஒட்டினால், டெக்னீசியன் கண்ணும் டாக்டர் கண்ணும் எத்தனை தடவை ஒத்துப்போகின்றன? இதுதான் கேள்வி.

டாக்டர் அரிகரன் கெட்ட மனுஷர் அல்ல. அவசரக்காரர். "ஒட்டிக்கோம்மா. ஆனா ஃபிலிம் மேல வேணாம், பசை பிடிக்கும். கவர் மேல ஒட்டு. பேஷண்ட்கிட்ட மட்டும் மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மாவுக்கட்டுப் போடப் போய்விட்டார்.

வட்டமான சிவப்பு ஸ்டிக்கருக்குப் பாகூர் கடைத்தெரு முழுக்க அலைந்தாள், கிடைக்கவில்லை. கடைசியில் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்ததும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். இதைவிடச் சிவப்பாக, இதைவிட வட்டமாக வேறென்ன வேண்டும்? கரும்சிவப்பில் பெரிய பொட்டாகப் பார்த்து வாங்கிவந்தாள். தன் சாமர்த்தியத்தை எண்ணி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அந்த ஆஸ்பத்திரியில் படம் ஆனதும் ஃபிலிமைக் காகிதக் கவரில் போட்டு நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பார். தன் முறை வந்ததும் கவரோடு உள்ளே போவார். சாயங்காலம் செல்வகுமாரி டாக்டர் எழுதிய கேஸ் சீட்டைப் பார்ப்பாள். பொட்டு ஒட்டிய படத்தில் டாக்டரும் ஏதாவது கண்டுபிடித்திருந்தால் அவள் கண் சரி. கண்டுபிடிக்காவிட்டால் அவள் கண் தப்பு.

வேலம்மாளை அந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதே செல்வகுமாரிதான். வேலம்மாள் பனித்திட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பவள். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகள் ஜெயசித்ராவைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போது ஒருநாள் "யம்மா" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா?"

"தோள்பட்ட பாப்பா. ராவுல தூங்கவுட மாட்டேங்குது. தைலம் தேச்சிப் பாத்துட்டேன், ஒண்ணும் கேக்கல."

"தைலம் தேச்சிக்கினே இருந்தா ஆச்சா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நான்தான இருக்கேன்."

வந்தாள். தோளை நிறுத்திப் படம் எடுத்தாள் செல்வகுமாரி. திரையில் மூட்டு தெரிந்தது. கொஞ்சம் தேய்மானம், அந்த வயசுக்கு உள்ளதுதான். தோள்பட்டைப் படத்தின் ஓரத்தில் நுரையீரலின் மேல்நுனியும் கொஞ்சம் விழும். அதை யாரும் பார்ப்பதில்லை. கேட்டது தோள், பார்ப்பதும் தோள். ஆனால் பேராசிரியை அம்மாள் வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டிருந்தார்: கேட்ட இடத்தைப் பார்த்து முடித்த பிறகு கேட்காத இடத்தையும் பாருங்கள். பார்த்தாள். காற்று நிறைந்து கறுப்பாக இருக்கவேண்டிய நுனி, கழுத்துக் காறை எலும்புக்கு மேலே, தயிர் கலந்த மாதிரி வெளுத்திருந்தது.

அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பயமும் இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பெருமையும் இருந்தது. நான் பார்த்துவிட்டேன்! கவரின் மேல் வலது மூலையில் பொட்டை ஒட்டி, பெருவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். "இத அப்படியே டாக்டர்கிட்ட குடுக்கா" என்று வேலம்மாள் கையில் கொடுத்தாள். அதற்குமேல் சொல்ல நாக்கு துடித்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. பைக்கில் விழுந்த ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவனை முடித்து அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது வேலம்மாள் மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

சாயங்காலம் கேஸ் சீட்டில் ஒரே வார்த்தை இருந்தது: தேய்மானம்.

டாக்டர் காரில் ஏறும்போது பின்னாலேயே போனாள். "சார், அந்த மீன்கார அம்மா படம்..."

"பாத்தேனே. தேய்மானம்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல சார்."

திரும்பி வந்து கம்ப்யூட்டரில் படத்தை மறுபடி திறந்தாள். அந்த வெளுப்பு இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பொட்டைப் பார்த்த பிறகும் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார் என்றால், ஒன்றுமில்லைதானே? பார்த்துக்கொண்டே இருந்ததில் அவள் கண்ணும் டாக்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆய்வுக் கணக்கில் அந்தப் பொட்டைத் தப்பு என்று குறித்துக்கொண்டாள்.

இப்படியே தப்புகள் சேர்ந்தன. ஆண்களின் படங்களில் அவள் கண் பெரும்பாலும் சரியாக இருந்தது. பெண்களின் படங்களில்தான் அடிக்கடி சறுக்கியது, அதிலும் வயதான பெண்கள் என்றால் ரொம்பவே. ஏன் அப்படி என்று பேராசிரியை கேட்டார். செல்வகுமாரி எத்தனையோ யோசித்து, பெண்களின் படங்களில் நிழல்கள் அதிகம் விழுவதால் அனுபவமில்லாத கண் ஏமாந்துபோகிறது என்று எழுதினாள். கிராமப்புற டெக்னீசியன்களை நம்பி இந்த முறையைக் கொண்டுவர முடியாது என்பது அவள் ஆய்வின் முடிவு. தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டு அதற்கு அழகாகத் தலைப்பும் அட்டையும் போட்டு அனுப்பினாள். இவ்வளவு நேர்மையான ஆய்வைப் பார்த்ததில்லை என்று பேராசிரியை பாராட்டி எழுதியிருந்தார்.

இதற்கிடையில் வேலம்மாள் தெருவுக்கு வருவது நின்றுபோயிருந்தது. மகள் வீட்டோடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். தோள் வலியோடு கூடை சுமக்க முடியுமா என்று செல்வகுமாரியும் விட்டுவிட்டாள். நல்லவாட்டிலிருந்து வேறொருத்தி மீன் கொண்டுவர ஆரம்பித்தாள்.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. குமரவேல் மதகடிப்பட்டில் லட்டு வாங்கிவந்து, "எம்.எஸ்சி. அம்மா, இனிமேலாவது சோறு வடிப்பியா?" என்றான். மறுநாள் அந்த லட்டுப் பெட்டியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெயசித்ரா தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

செல்வகுமாரிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பாதி ஆளாகியிருந்தாள் வேலம்மாள். வலது கண்ணின் இமை சரிந்து, கண் பாதி மூடிக்கிடந்தது. வலது உள்ளங்கையின் சதை வற்றி எலும்பு எலும்பாகத் தெரிந்தது. நுரையீரல் நுனியில் புற்று வந்தால் இமை சரியும், கை வற்றும் என்று பாடத்தில் படித்த அத்தனையும் அப்படியே எதிரில் வந்து நின்றது. லட்டுப் பெட்டியை எங்கே வைத்தோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை எடுத்த படத்துக்குப் பொட்டே தேவைப்படவில்லை. நுரையீரல் நுனி முழுக்க வெள்ளை. பக்கத்து விலா எலும்பையும் அது அரித்துத் தின்றிருந்தது. டாக்டர் பார்த்தவுடனே எழுந்து நின்றுவிட்டார். ஜெயசித்ராவிடம் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டு, செல்வகுமாரியைக் கூப்பிட்டுப் பழைய படத்தைத் திறக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்பவே இருந்திருக்கு" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியலயா?" என்று கேட்டார்.

"பொட்டு ஒட்டினேனே சார்."

"எங்க ஒட்டின? பொட்டு இருந்தா நான் ஓரம் பாரமெல்லாம் பாத்துத்தான் அனுப்புவேன். இந்தம்மா கவர்ல ஒண்ணும் இல்ல."

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. செல்வகுமாரி வெளியே ஓடிவந்தாள். பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்த வேலம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, அன்னிக்கு நான் குடுத்த கவர் மேல ஒரு பொட்டு இருந்திச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பாப்பா" என்றாள் வேலம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ ஆசையாத்தான் ஒட்டிக் குடுத்த. நான்தான் எடுத்துட்டேன். தாலி அறுத்தவ மடியில பொட்டு வச்ச கவரு இருந்தா நாலு பேரு இன்னா நெனப்பாங்க? எதுருல ஒருத்தி அதையே பாத்துக்கினு இருந்தா. எனக்கு ஒடம்பு கூசிப் போச்சி."

"தூக்கிப் போட்டுட்டியாக்கா?"

"பொட்ட போயி கீழ போடுவாங்களா? மிதிபட்டா பாவம். அங்க கை கழுவற எடத்துல கண்ணாடில ஒட்டி வச்சேன். யாராவது சுமங்கலி எடுத்து வச்சிக்கட்டும்னு. அங்க ஏற்கெனவே ஒட்டி வச்சிருந்தாங்க."

செல்வகுமாரி எழுந்து போனாள். வாஷ்பேசின் மேல் மங்கலான கண்ணாடி. தினமும் முகம் கழுவுகிற கண்ணாடிதான். அதன் ஓரமாக வரிசையாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. தினமும் பார்த்திருக்கிறாள். எந்த வீட்டுக் கண்ணாடியில்தான் பொட்டு இல்லை? அவள் வீட்டுக் கண்ணாடியிலும் உண்டு. அதனால் ஒருநாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். எல்லாம் கரும்சிவப்பு. எல்லாம் அவள் வாங்கின அட்டையில் இருந்த பெரிய பொட்டு.

புருஷனை இழந்தவர்கள், பொட்டு வைக்காத கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், ஒவ்வொருத்தியும் கவரிலிருந்து மெதுவாக உரித்து, மரியாதையாக இங்கே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தப்பு தப்பு என்று குறித்ததெல்லாம் தப்பே இல்லை. டாக்டர் கண்ணுக்கே போகாத பொட்டுகள். இதில் எது யாருடையது? யாருக்கு மார்பில், யாருக்கு முதுகெலும்பில்? கேஸ் சீட்டுகளைத் தோண்டிக் கூப்பிட்டு அனுப்பலாம். எல்லோருமே இன்னும் வந்து நிற்கிற நிலையில் இருப்பார்களா? ஒரு பொட்டை நகத்தால் உரித்தாள். பசை காய்ந்து கண்ணாடியோடு பிடித்திருந்தது, பாதிதான் வந்தது. அங்கேயே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

திரும்பி வந்தபோது ஜெயசித்ரா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். வேலம்மாள் இடது கையில் ஒரு லட்டை வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நர்ஸம்மா குடுத்துச்சி. இன்னா விசேஷம் பாப்பா?"

"படிப்பு முடிச்சிட்டேன்க்கா. பாஸாயிட்டேன்."

வேலம்மாளின் நல்ல கண் மலர்ந்தது. தெம்பில்லாத வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், லட்டு இருந்த கையாலேயே அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லா இரு கண்ணு. அப்ப இனிமே எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னா இருக்குதுன்னு நீயே வாயத் தொறந்து சொல்லிடுவ இல்ல?"

உள்ளேயிருந்து டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வேலம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"படிலே பாத்து எறங்குக்கா" என்றாள் செல்வகுமாரி.