பாறையிடுக்கில் லிஃப்ட் மெக்கானிக்

இந்தப் பூமியில் இதுவரை எந்த மனிதனும் எங்கேயும் மாட்டிக்கொண்டதே கிடையாது. மாட்டிக்கொள்வது லிஃப்ட். உள்ளே இருப்பவன் வெறுமனே காத்திருக்கிறான். காத்திருக்கத் தெரியாதவன்தான் 'மாட்டிக்கொண்டேன்' என்று கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டுகிறான்.

இது அவள் கணவரின் கண்டுபிடிப்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக். பிறந்தநாள் விருந்து, ரயில் பயணம், பல் பிடுங்கக் காத்திருக்கும் வரிசை என்று அவர் இதை அறிவிக்காத இடம் பாக்கியில்லை. ஆதாரம் கேட்டால் பக்கத்தில் இருக்கும் மனைவியைக் காட்டுவார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு வரிக்கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. திறக்க வந்தவர் இவர். சாவியைப் போடுமுன் கதவில் காதை வைத்திருக்கிறார். உள்ளே அவள் லிஃப்டைக் கொஞ்சிக்கொண்டிருந்தாளாம்.

"என் தங்கம்ல? என் கண்ணுல்ல? ஒரே ஒரு தடவை திறம்மா. இனிமே உன் பட்டனைப் போட்டுக் குத்த மாட்டேன்."

"இரும்புப் பெட்டியைத் தடவிக் குடுத்துக்கிட்டு நிக்கிறாங்க, கைக்குழந்தை மாதிரி!" என்று அவர் தடவிக் காட்டும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சிரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதே கதை, அதே தடவல். அவள் சிரிப்பு மட்டும் வரவரத் தேய்ந்துகொண்டே வந்தது. லிஃப்ட் கயிற்றின் தேய்மானத்தை விரல் நுனியால் கண்டுபிடிக்கும் மனிதர் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அதனால்தான், பாறையிடுக்குக்குள் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய இடுக்கு அருவியின் வாசலில், வாடகை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

"நான் பயப்படாம அருவி வரைக்கும் போயிட்டா, அந்தக் கதையை இனிமே நீங்க எங்கயும் சொல்லக் கூடாது."

"எங்கயுமா?"

"எங்கயும். கண்ணாடி முன்னாடிகூட."

"சரி. ஆனா பாறையைக் கொஞ்சினா ஆட்டம் குளோஸ்."

"நான் சாட்சி," என்றான் கூட வந்திருந்த அவள் தம்பி. "மாமா, பேச்சு மாறக் கூடாது."

"முன்னாடி நான் போறேன்," என்றார் மெக்கானிக். "உங்க அக்கா பாதியில நின்னுட்டா கையைப் பிடிச்சு இழுக்க ஒரு ஆள் வேணும்ல?"

உள்ளே இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, நாலு மாடி உயரத்துக்கு. தண்ணீர் அரித்து அரித்து வழவழவென்று மடிப்பு விழுந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் அகலம். சில இடங்களில் அந்த ஆளும் ஒருக்களித்தால்தான் உண்டு. கணுக்கால் வரை ஓடிய தண்ணீர் ஐஸாகச் சில்லிட்டது. முதலில் வழிகாட்டி, அடுத்து கணவர், அப்புறம் அவள், தம்பி, அவனுக்குப் பின்னால் டிக்கெட் வாங்கிய ஒரு பெருங்கூட்டம். முந்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது.

பயம் எப்போது வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள். வரவில்லை. வழியில் எங்கோ இறங்கிப் போய்விட்டதுபோல.

ஒரு வளைவில் பாறைகள் மேலே சாய்ந்து ஒன்றையொன்று தொட, வானம் காணாமல் போனது. அந்த இடத்தில் அவர் நின்றார்.

"வாங்க சார்," என்றான் வழிகாட்டி, அந்தப் பக்கம் போய் நின்று.

"வரேன்."

வரவில்லை.

"சார்?"

"வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவருடைய செருப்பு ஓர் அங்குலம்கூட நகராததை அவள் குனிந்து பார்த்தாள்.

"எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களா சார்?"

"நான் ஏன் மாட்டணும்? காத்திருக்கேன்."

"எதுக்கு சார்?"

வழிகாட்டி அவர் மார்புக்கும் பாறைக்கும் நடுவில் கையை விட்டு ஆட்டிக் காட்டினான். "பாருங்க, எவ்வளவு இடம் இருக்கு! நீங்க எங்கயும் மாட்டல. உங்களுக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான். பதறாம மூச்சு விடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று இவர் அவளுக்குச் சொன்னதும் இதேதான். உள்ளே நிற்பவருக்கு இந்த வார்த்தைகள் நயா பைசாவுக்குப் பிரயோசனப்படாது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவர் முதுகுக்கும் தெரிந்திருக்கும். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பின்னாடி வந்துடுறீங்களா?"

"முடியாது."

"அப்போ முன்னாடி?"

"அதுவும்தான்."

"மாமா, அலாரம் பட்டன் தேடுறீங்களா?" என்றான் தம்பி.

"சும்மா இருடா," என்றாள் அவள்.

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "என்னய்யா அங்க, வண்டி பஞ்சரா?" அதற்கு ஒரு சிரிப்பு எழுந்து, பாறையில் மோதி, அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

அருவி கூப்பிடு தூரத்தில் இரைந்தது. சாரல்கூட அவள் மூக்கு நுனிவரை வந்தது. எக்கிப் பார்த்தால் அவர் ஹெல்மெட் தெரிந்தது. சாய்ந்து பார்த்தால் அவர் காது தெரிந்தது. அந்தக் காதுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு துண்டு ஆடியது. அது அருவியா, வழிகாட்டியின் துண்டா என்று சொல்ல முடியவில்லை. அவள் ஜெயிக்க வேண்டிய இடம் கண்ணெதிரே இருந்தது. நடுவில் புருஷன் இருந்தார். தள்ளினால் விழுவார். திட்டினால் இன்னும் இறுகிப்போவார். கையைப் பிடித்து இழுக்கலாமென்றால், இழுக்க வேண்டிய ஆள் பின்னால் நிற்கிறாள்.

ஒன்றும் செய்ய முடியாது என்பது தெளிவானதும் அவள் பாறையில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. தம்பி அவள் தோளைத் தட்டினான்.

"அக்கா, மாமா யார்கிட்ட பேசுறாரு?"

"ஃபோன்ல."

"இங்க சிக்னலே இல்லியே!"

"அவருக்கு இருக்கு. நீ வாயை மூடு."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவருடைய வலது கை பாறையின் மடிப்பை மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.

"என் தங்கம்ல?" என்றார் லிஃப்ட் மெக்கானிக், பாறைக்கு மட்டும் கேட்கிற குரலில். "என் கண்ணுல்ல? கொஞ்சூண்டு வழி விடும்மா. இனிமே அந்தக் கதையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பாறை யோசித்துக்கொண்டிருந்தது. அவர் தடவிக்கொண்டே இருந்தார்.